நான் தடை செய்த எண்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. அங்கே உனக்கு வலி குறைந்து, நாளுக்கு நாள் தெம்பு கூடி, நீ பழையபடி எழுந்து நடமாட வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் எந்நேரமும் நினைப்பு. நான் பேனா பிடித்து இவ்வளவு எழுதிப் பல வருடம் ஆகிறது, எடைச் சீட்டில் லாரி நம்பரும் கையெழுத்தும் போட்டே பழகின கை, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் தட்டாமல் ஏன் காகிதம் என்று உனக்குத் தோன்றும். அந்தச் செயலியில் நான் எழுதுவது யார் கைக்குப் போகிறது, யார் படிக்கிறார்கள், யார் பதில் போடுகிறார்கள் என்று எனக்கு இனி நம்பிக்கை இல்லை. அதோடு, அன்றைக்கு நீ எடைமேடை போனில் என்னைக் கூப்பிட்டுவிட்டுப் பாதியில் வைத்துவிட்டாய். வைத்தது நியாயம்தான். உன் அறைத்தோழியை நான் அப்படித் திட்டியது ஏன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. சாக்குச் சொல்ல எழுதவில்லை பாப்பா. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுவதானால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டு.

அந்தச் செயலி முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி ஆகிவிட்டது என்று உனக்கே தெரியும். நீ அங்கே போன புதிதில் கூப்பிட்டால் பளிச்சென்று முகம் தெரியும், உன் அறையில் குழாய் சொட்டுவது கூட எனக்கு இங்கே கேட்கும், குழாயை மூடுடி என்று இங்கிருந்தே அதட்டுவேன். போன வருடத்திலிருந்து அதற்கு என்ன கேடு வந்ததோ. கூப்பிட்டால் இணைக்கிறது இணைக்கிறது என்று சுற்றிக்கொண்டே இருக்கும், தப்பித்தவறி இணைந்தால் உன் வாய் அசையும், குரல் வராது. ஹலோ ஹலோ என்று நாம் இரண்டு பேரும் கத்தியே நேரம் போய்விடும். காலையில் அனுப்பின குரல்செய்தி மறுநாள் வந்து சேரும், வந்தாலும் திறக்காது. புதுப்பி புதுப்பி என்று வாரத்துக்கு ஒரு முறை உயிரை வாங்கும், புதுப்பித்தால் நேற்று இருந்த பொத்தான் இன்றைக்கு அந்த இடத்தில் இருக்காது. உன் பெயரைத் தேடிப் போனால் கடன் வேண்டுமா என்று ஒருவன், முடி கொட்டுகிறதா என்று ஒருத்தி, யாரென்றே தெரியாத ஆட்களின் ஆட்டமும் பாட்டும், இத்தனை பேரையும் விலக்கிக்கொண்டுதான் பெற்ற பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. இது போதாதென்று ஏமாற்றுக்காரர்கள் வேறு. உங்கள் பார்சல் நிற்கிறது, உங்கள் கணக்கு முடங்கிவிட்டது, உங்கள் பையன் போலீஸில் மாட்டிக்கொண்டான் என்று தினம் ஒன்று. எங்கள் எடைமேடைக்கு வருகிற ஒரு டிரைவரின் மனைவி, பையனுக்கு விபத்து என்று வந்ததை நம்பிப் பதறி, கையில் இருந்ததை எல்லாம் அனுப்பிவிட்டு உட்கார்ந்தாள். பையன் பக்கத்துத் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். இதெல்லாம் பார்த்துத்தான் நீயும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். கூப்பிட்டு மல்லுக்கட்ட வேண்டாம், மத்தியானம் நான் ஒரு வரி எழுதுவது, நீ ஒரு வரி பதில் போடுவது, பதில் வந்தால் எல்லாம் நலம். அந்த ஏற்பாட்டில்தான் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

நீ விடுமுறைக்கு வந்துபோன பிறகு கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நான் மத்தியானம் லாரி வரத்து குறைந்த நேரத்தில், எடைமேடை அறைக்குள் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, சாப்பிட்டியா கண்ணு என்று எழுதுவேன். நீ உன் வேலை முடிந்து எப்போதாவது நாலு வரி எழுதுவாய், ஆபீஸ் கதை, தோழி பண்ணின குறும்பு எல்லாம் இருக்கும். திடீரென்று ஒரு நாளிலிருந்து உன் பதில் சுருங்கிவிட்டது. சாப்பிட்டேன். சரி. நல்லா இருக்கேன். அவ்வளவுதான். ஆனால் நான் எழுதின மறு நிமிடமே வந்து நிற்கும். எனக்கு அதில் பாதி எரிச்சல், பாதி சந்தோஷம். பெரிய ஆபீசராகிவிட்டாள், அம்மாவுக்கு ஒற்றை வார்த்தைதான் மிச்சம் என்று எரிச்சல். அப்படியிருந்தும் உடனே பதில் போடுகிறாளே என்று சந்தோஷம். ஒரு நாள் பொறுக்க முடியாமல், ஒத்த வார்த்தையில பதில் போடுற, அம்மா மேல என்ன கோவம் என்று கேட்டேன். கோபம் இல்லை என்று வந்தது. சரி, வேலை அதிகம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்க அப்பா வேறு வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டார். நான் வேலை முடிந்து வரும்போது காய்ந்த துணியெல்லாம் மடித்து வைத்திருக்கும், டீ போட்டு மூடி வைத்திருப்பார், காரணமில்லாமல் சிரிப்பார். அது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, ஆனால் கேட்டு இருக்கிற டீயையும் கெடுத்துக்கொள்வானேன் என்று பேசாமல் இருந்தேன்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. தெரியாத நம்பர். ஆன்ட்டி, உங்க பொண்ணு மாடிப்படியில விழுந்துட்டா, இடுப்பெலும்புல அடி, ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க, அவ போன் ஒரு வாரம் முன்னாடியே உடைஞ்சுபோச்சு, நீங்க உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க என்று இருந்தது. மேலே ஒரு லாட்டரி விளம்பரம், கீழே ஒரு கடன் விளம்பரம், நடுவில் இது. இவரை உங்களுக்குத் தெரியாது, புகார் செய்கிறீர்களா, தடை செய்கிறீர்களா என்று செயலியே இரண்டு பொத்தானை நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு கணம் நான் நம்பிவிட்டேன் பாப்பா, அது நிஜம். ஆனால் நான்தான் ஊரறிந்த கெட்டிக்காரி ஆயிற்றே. டிரைவர் கீழே இறங்கினாரா, நாலு பக்கச் சக்கரமும் மேடைக்குள் இருக்கிறதா, கிளீனர் உள்ளே படுத்துக்கொண்டு எடை கூட்டுகிறானா என்று என் கண்ணால் பார்க்காமல் ஒரு சீட்டுக் கூட அடிக்காதவள் நான். அதனால் பதற மாட்டேன், முதலில் சரிபார்ப்பேன் என்று நினைத்தேன். உனக்கே எழுதினேன். கண்ணு, எங்க இருக்க, நல்லா இருக்கியா, உடனே சொல்லு என்று எழுதினேன். மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. நல்லா இருக்கேன். அடுத்தது, வீட்டில்தான் இருக்கேன்.

அதற்கப்புறம் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. என்னை ஒரு கணம் நம்ப வைத்த அந்தப் பெண்ணை விடக் கூடாது என்று அவளுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதக் கை வரவில்லை. ஆஸ்பத்திரி பேரைச் சொல்லிப் பிச்சையெடுக்கிற பிழைப்பு என்றேன், அதற்கு மேலும் சொன்னேன், அவளைப் பெற்றவளையும் விடவில்லை. சொல்லிவிட்டுத் தடை செய்தேன். அத்தோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அந்த நம்பரைப் போட்டு, மகளுக்கு விபத்து என்று சொல்லி ஏமாற்றும் கும்பல், எச்சரிக்கை, அனைவருக்கும் பகிரவும் என்று குடும்பக் குழு, குடியிருப்புக் குழு, லாரி புக்கிங் குழு எல்லாவற்றிலும் போட்டேன். உன் பெரியம்மா தன் பங்குக்கு இன்னும் நாலு குழுவில் போட்டாள். எடைக் கட்டணம் எழுதியிருக்கிற கரும்பலகையில் கட்டணத்துக்குக் கீழே அந்த நம்பரைச் சாக்பீஸால் பெரிசாக எழுதி வைத்தேன். வருகிற டிரைவர்கள் எல்லாம் படித்துவிட்டு, எங்க சீட்டம்மாகிட்டயா இந்த வேலை, ஆள் தெரியாம வந்து மாட்டிக்கிட்டாங்க என்று சிரித்தார்கள். எப்போதும் ஹாரன் அடித்துக்கொண்டே வருவதால் ஹாரன் என்றே நாங்கள் கூப்பிடுகிற டிரைவர், நானும் அந்த நம்பருக்குக் கூப்பிட்டு நல்லா நாலு வார்த்தை கேட்டேம்மா, அழுதுச்சு அந்தப் பொண்ணு, நடிப்பைப் பாருங்க என்றார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். நான் சிரித்த அந்த நேரத்தில் உன்னை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். வெளியே தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையைத்தான் அந்த ஆள் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்.

அவள் உன்னிடம் இதில் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை என்று நீ சொன்னாய். அம்மாவுக்கு லைன் கிடைக்கலை, கிடைச்சிடும் என்று உன்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். புதுப் போன் வந்து, நீ குடும்பக் குழுவைத் திறந்து, நான் போட்ட எச்சரிக்கையில் அவள் நம்பரைப் பார்த்த பிறகுதான் உனக்கே தெரிந்திருக்கிறது. நீ எடைமேடை போனில் கூப்பிட்டபோது மேடையில் ஜல்லி லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது, நான் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு சீட்டு அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா, நீ போட்டிருக்கிற நம்பர் யாரோடதுன்னு தெரியுமா, என்னை ஆஸ்பத்திரியில பார்த்துக்கிட்டவளோடதும்மா என்றாய். அப்போதாவது நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். நீ ஆஸ்பத்திரியிலயா, அப்ப எனக்குப் பதில் போட்டது யாரு, நீதானே நல்லா இருக்கேன்னு போட்டே, என்னையே பொய்க்காரி ஆக்குறியா என்று நான் உன்னோடு வாதாடினேன். இடுப்பில் தையல் போட்டுப் படுத்திருக்கிற பிள்ளையிடம், யார் சொல்வது சரி என்று வழக்குப் பேசினேன். நீ சத்தம் போடவில்லை. நான் செத்தே போயிருந்தாலும் உனக்குச் சாப்பிட்டேன்னு பதில் வந்திருக்கும்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ரிசீவரை வைக்கவே எனக்குத் தெரியவில்லை. லாரிக்காரர் வந்து, சீட்டைக் குடும்மா என்று வாங்கிக்கொண்டு போனார். அதில் பாரத்தோடு எடுத்த எடையை வெறும் வண்டி எடை என்று அடித்திருந்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாடின முகத்தோடு உட்கார்ந்திருந்தார். இதுல என்னவோ ஆயிடுச்சும்மா, நீ அனுப்புறதெல்லாம் வர்ற இடமே காணாமப் போச்சு என்றார். நான் எங்கே உங்களுக்கு அனுப்பினேன் என்று கேட்டேன். தினம் மத்தியானம் அனுப்புவியே, சாப்பிட்டியான்னு, நானும் பதில் போடுவேனே என்றார். டேப்லெட்டை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். மறுநாள் செல்போன் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவர்தான் விளக்கினார். நீ விடுமுறைக்கு வந்தபோது அந்த டேப்லெட்டில் உன் கணக்கைச் சேர்த்துப் படங்கள் அனுப்பினாய் அல்லவா, அப்புறம் சீட்டு விளையாட அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாய், கணக்கை யாரும் விலக்கவில்லை. உன் போனில் நீ படித்துக்கொண்டிருந்த வரைக்கும் அறிவிப்பு இங்கே தங்கவில்லை, அப்பா கண்ணில் படவும் இல்லை. போன் உடைந்து நீ படிக்காமல் போன பிறகுதான் எல்லாம் அவர் சீட்டாட்டத்துக்கு மேலே வந்து நின்றிருக்கிறது. புதுப் போனில் நீ கணக்கைத் திறந்ததும் இங்கே இருந்தது தானாகப் போய்விட்டதாம். அம்மா என்று பெயர் போட்டு வருகிறது, உன்னைப் போலவே அவரும் என்னை அம்மா என்றுதானே கூப்பிடுகிறார், தனக்குத்தான் வருகிறது என்று நினைத்துவிட்டார். மற்றவர்கள் அனுப்பினதெல்லாம்? உன் ஆபீஸ் ஆட்கள், சிநேகிதிகள் பதறிப்போய் எழுதினதெல்லாம் அதில் வந்து குவிந்திருக்கிறது. எல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு, ஆப் முழுக்க விளம்பரம்தானே வருதுன்னு நான் திறக்கவே இல்லை என்றார் அப்பா. பதில் எழுத அவருக்குத் தெரியாது. அதற்கும் செயலியே வழி பண்ணிக் கொடுத்திருக்கிறது, கேள்விக்குக் கீழேயே சாப்பிட்டேன், சரி, நல்லா இருக்கேன் என்று தயாராக எழுதி வைத்துவிடுகிறதாம், இவர் விரலால் தொட்டால் போதும். எங்கே இருக்கிறாய் என்று நான் பதறிக் கேட்டபோது வீட்டில்தான் இருக்கேன் என்பதையும் தொட்டுவிட்டார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, வீட்டில்தான் இருந்தார்.

அவர் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது, கண்டபடி கத்தினேன். வாங்க போங்கன்னு கூப்பிடுறவ திடீர்னு சாப்பிட்டியா கண்ணுன்னு எழுதினா அது உங்களுக்கான்னு ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டீங்களா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, யோசிச்சேன், வயசான காலத்துல உனக்கு என் மேல பிரியம் வந்துடுச்சு போலன்னு நெனச்சேன், கேட்டா நிறுத்திடுவியோன்னு கேக்கலை என்றார். அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. துணி மடித்ததும் டீ போட்டதும் அதற்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. நீ விழுந்ததை அதற்குப் பிறகுதான் அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து மனிதர் அந்த டேப்லெட்டைத் தொடவில்லை. அவரை நீ ஒன்றும் சொல்லாதே. அவர் ஏமாந்தது பிரியத்தால். நான் ஏமாந்தது என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிரால்.

கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தேன், வந்த ஒவ்வொரு டிரைவரிடமும் நான் சொன்னது தப்பு, அது என் பெண்ணைப் பார்த்துக்கொண்ட பிள்ளையின் நம்பர் என்று சொன்னேன். ஹாரனிடம் சொன்னபோது அவர், அழுதது நெசமாம்மா என்று மட்டும் கேட்டார். குழுக்களில் போட்டதை அழிக்கப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டது, இனி என் போனிலிருந்து மட்டும்தான் அழிக்க முடியும் என்கிறது. என் தப்பு என் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் யாருக்கு என்ன லாபம். தப்பான தகவல், மன்னிக்கவும் என்று எல்லாக் குழுவிலும் எழுதினேன். அதை யாரும் பகிரவில்லை. முந்தாநாள் எனக்கே ஒரு செய்தி வந்தது, நான் எழுதின அதே வாசகம்தான், கூடவே பெண்கள் கும்பல், நாடு முழுக்கத் தேடுகிறார்கள் என்று யாரோ சேர்த்துவிட்டிருக்கிறார்கள், ஒரு சம்பந்தமில்லாத பெண்ணின் படம் வேறு. கீழே அந்தப் பிள்ளையின் நம்பர். உண்மையைச் சொல்லி எழுதினால் ஒரு நாள் கழித்துப் போய்ச் சேருகிற செயலி, என் பொய்யை மட்டும் இவ்வளவு வேகமாகக் கொண்டுபோயிருக்கிறது. ஆனால் அதைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. திட்டினது என் வாய், அனுப்பினது என் விரல்.

நேற்று மத்தியானம் எனக்குச் சாதாரண அழைப்பில் ஒரு பெண்மணி பேசினார். தெரியாத நம்பர் என்றதும் பழக்க தோஷத்தில் துண்டிக்கப் போனேன், எடுத்துவிட்டேன். உங்க பொண்ணோட அறையில இருக்கிறவளோட அம்மா பேசறேங்க என்றார். நான் அனுப்பின குரல்செய்தியை அவர் கேட்டிருப்பார், அவரையும் சேர்த்துத்தானே திட்டியிருந்தேன். அவர் குழுவுக்கும் என் எச்சரிக்கை போயிருக்கிறது, தன் பிள்ளையின் நம்பரை அதில் பார்த்திருக்கிறார். நான் மன்னிச்சுக்கோங்க என்று ஆரம்பித்தேன், அது அப்புறம் இருக்கட்டுங்க, என் பொண்ணு நம்பர் மாத்திட்டா, அவசரத்துக்கு உங்ககிட்ட புது நம்பர் இருக்கட்டும்னு சொன்னா, எழுதிக்கிறீங்களா என்றார். எழுதிக்கொண்டேன். அப்புறம் உங்க பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு, எதையும் பிடிக்காம நிக்கிறாளா என்று கேட்டார். எனக்குத் தெரியலைங்க என்றேன் பாப்பா. பெற்றவள் நான், வேறு என்ன சொல்ல. அவர் ஒன்றும் கேட்காமல் தானே சொல்ல ஆரம்பித்தார். நேத்து ஜன்னல் வரைக்கும் நடந்தாளாம், தலை சீவிக்கிறாளாம், சாப்பாடு மட்டும் இறங்கலையாம். ராத்திரியில வலி வந்தா அரைத்தூக்கத்துல அம்மா அம்மான்னு கூப்பிடுறாளாம், என் பொண்ணு எழுந்துபோய்ப் பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்குவாளாம், அதனால கவலைப்படாதீங்க என்றார்.

நீ அம்மா என்று கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து வந்தவளைத்தான் நான் தடை செய்து வைத்திருந்தேன்.

டாக்டர் சொல்லும் வரை காலை முழுசாக ஊன்றாதே. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே, இறங்கவில்லை என்றாலும் நாலு வாய் சாப்பிடு. உங்கள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்குகிற வேலையை விட்டுவிடு. என்னிடம் பேச உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது பேசு, வா என்றால் அன்றைக்கே கிளம்பி வருகிறேன், நான் அவசரப்படுத்த மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். அவளுடைய புது நம்பர் என் கையில் இருக்கிறது, எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், கூப்பிட எனக்கு முகம் இல்லை. நான் கூப்பிட்டால் எடுப்பாளா என்று அவளிடம் கேட்டுச் சொல். வேண்டாம் என்றாலும் மறைக்காமல் சொல்.

வெட்கத்தோடும் பாசத்தோடும்
உன் அம்மா